பேரேடும் கோப்பும்: சிலாங்கூரில் அரசுப் பதிவுகளும் பொதுமக்களின் பார்வையுரிமையும்

முன்னுரை

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் ஷா ஆலமிலுள்ள சிலாங்கூர் மாநிலச் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. மலேசிய மாநிலங்களுள் இத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றிய பெருமை சிலாங்கூரையே சாரும். பினாங்கு அதனைப் பின்தொடர்ந்தது. அந்நாளில் இந்நிகழ்வு ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இடைப்பட்ட வழக்காகவே பெரிதும் பேசப்பட்டது. இக்கட்டுரை அதனை வரலாற்று நோக்கில் காண முற்படுகிறது. அரசு எழுதிவைத்த ஏட்டைக் குடிமக்கள் பார்க்கலாமா என்னும் வினா சிலாங்கூரில் 2011இல் தோன்றியதன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக அது வெவ்வேறு வடிவில் கேட்கப்பட்டு வந்துள்ளது. அதற்குக் கிடைத்த விடைகளும் ஒரே தன்மையன அல்ல.

ஆய்வின் வசதிக்காக இரு சொற்களை இங்குப் பிரித்துக் கையாள்கிறேன். ஒன்று பேரேடு, முடிந்த முடிவைப் பதிந்துவைப்பது. மற்றொன்று கோப்பு, அம்முடிவு எவ்வாறு எட்டப்பட்டது, யார் என்ன எழுதினார், யார் மறுத்தார் என்பவற்றைத் தாங்கியிருப்பது. சிலாங்கூரின் ஆட்சி வரலாற்றில் பேரேடு பெரும்பாலும் திறந்தே இருந்தது. கோப்பு பெரும்பாலும் மூடியே இருந்தது. இவ்வேறுபாட்டை உணராமல் ஒளிவுமறைவற்ற ஆட்சியைப் பற்றிப் பேசுவது பயன் தராது.

கல்லில் எழுதிய கணக்கு

தமிழ் மரபில் பொதுப்பதிவு என்றவுடன் நம் ஆசிரியர்களுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளே நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை குடவோலை முறையை விளக்குவன என்ற அளவில் பள்ளிப் பாடங்களில் இடம்பெற்றுள்ளன. தேர்தல் பற்றிய செய்தியினும் நம் பொருளுக்கு நெருக்கமான விதியொன்று அவற்றுள் உண்டு. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். கணக்குக் காட்டாமையைத் தனிமனிதக் குற்றமாக மட்டும் கருதாமல் குடும்பத்தையே விலக்கி வைக்கும் அளவுக்கு அச்சபை அதனைக் கடுமையாகக் கண்டது. இவ்விதி ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டப்படவில்லை. ஊரார் கூடும் இடத்துச் சுவரில் வெட்டப்பட்டது.

இதனைக் கொண்டு பழந்தமிழர் தகவல் உரிமையை அன்றே கண்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அக்கூற்று ஆய்வுக்குப் பொருந்தாது. அச்சபை பிராமணர் ஊர்ச்சபை. நிலமும் மனையும் உடையவர்க்கே அதில் இடம் இருந்தது. உழுதவருக்கும் பெண்டிருக்கும் இடமில்லை. சுவரில் எழுத்து இருந்தது உண்மை. படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு வினா. எனினும், முடிவைப் பொது இடத்தில் பதிந்துவைத்தால்தான் அது செல்லும் என்ற எண்ணம் அங்கு வேரூன்றியிருந்தது. பேரேட்டின் இயல்பு அதுவே.

நிலப்பதிவு

சிலாங்கூரில் அதே எண்ணம் வேறொரு வழியாக வந்தது. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் புகுத்திய நிலப்பதிவு முறையில், நிலம் யாருக்கு உரியது என்பதை அரசின் பேரேடே உறுதிப்படுத்தும். பழைய பத்திரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1889 முதல் 1892 வரை சிலாங்கூரின் பிரித்தானிய ரெசிடென்டாக இருந்த வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் இம்முறையின் தீவிர ஆதரவாளர். 1891ஆம் ஆண்டு உரிமைப்பதிவு விதிமுறை வழியாக இம்முறை சிலாங்கூரில் கால்கொண்டது. காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் இலண்டனிலிருந்து முதல் வரவேண்டுமெனில், நிலத்தின் உரிமை ஐயத்துக்கு இடமின்றி இருக்கவேண்டும். எவரும் வந்து பார்த்துத் தெளியும்படி பேரேடு திறந்திருக்கவேண்டும். ஆக, சிலாங்கூரில் முதன்முதலில் திறக்கப்பட்ட அரசுப் பதிவு முதலீட்டாளரின் தேவைக்காகத் திறக்கப்பட்டது. குடிமகனின் உரிமை அன்று கணக்கில் இல்லை.

நோக்கம் எதுவாயினும் பயன் எஞ்சியது. 1966ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தொகுப்பு இம்மரபைத் தொடர்ந்தது. கட்டணம் செலுத்தும் எவரும் நில அலுவலகத்தில் தேடல் செய்து, ஒரு நிலத்தின் உரிமையாளர் யார், அதன்மீது அடமானம் உண்டா, பயன்பாட்டு நிபந்தனை யாது என்பவற்றை அறியலாம். நான் அறிந்தவரையில், நம் ஆலய நிருவாகத்தினரும் பள்ளி வாரியத்தினரும் இவ்வாய்ப்பை உரிய காலத்தில் பயன்படுத்துவது குறைவு. சிக்கல் முற்றி வழக்கறிஞரிடம் சென்ற பின்னரே தேடல் செய்யப்படுகிறது. தலைமுறைகளாக வழிபட்டுவந்த இடம் வேறொருவர் பெயரில் இருப்பது அன்றுதான் தெரியவருகிறது.

பேரேடு இதற்குமேல் சொல்லாது. அந்நிலத்தை ஆலயத்துக்கு ஒதுக்குமாறு கேட்ட விண்ணப்பம் என்ன ஆயிற்று? எந்தத் துறை மறுப்புத் தெரிவித்தது? ஆட்சிக்குழுவுக்குச் சென்ற பரிந்துரை என்ன? இவை அனைத்தும் கோப்பில் உள்ளன.

கிள்ளான், 1941

கோப்பு மூடியிருந்தால் வரலாறு எவ்வாறு எழுதப்படும் என்பதற்கு நம் சமுதாயத்தின் வரலாற்றிலேயே தெளிவான சான்றுண்டு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல் ஆகியன அவர்கள் கேட்டவற்றுள் சில. மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். மே 16இல் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படையினர் வரவழைக்கப்பட்டனர், ஐந்து தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் வந்தனர்.

இந்நிகழ்வைப் பற்றிய அரசுத் தரப்பின் எழுத்துகள் எங்கிருந்தன? குடியேற்ற நாட்டுச் செயலகத்தின் கோப்புகளாக இலண்டனில் இருந்தன. பிரித்தானியாவில் பொதுப்பதிவுகளை ஐம்பது ஆண்டு மூடிவைக்கும் விதி 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் முப்பது ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 1972இன் தொடக்கத்தில் போர்க்காலப் பதிவுகள் பெருந்தொகையாகத் திறக்கப்பட்டன. மைக்கேல் ஸ்டென்சனின் மேற்கு மலேசிய இந்தியர் பற்றிய நூல் 1980இலும், எச். இ. வில்சனின் கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றிய ஆய்வு 1981இலும் வெளிவந்தன. இக்கால வரிசை தற்செயலானது என்று நான் கருதவில்லை. கிள்ளானில் நடந்ததைக் கிள்ளானில் இருந்தபடி எழுத இயலவில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு சட்டம் திருத்தப்பட வேண்டியிருந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் தங்கியிருந்த காலத்தில், கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் அக்காலக் கோப்புகளைப் புரட்டும்போது இவ்வெண்ணமே மீண்டும் மீண்டும் எழுந்தது. என் பாட்டனார் தலைமுறையைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க எனக்கு வேண்டியிருந்தது ஒரு வாசகர் அட்டை மட்டுமே. அவர்களுக்கு அந்த அட்டை எட்டாத தொலைவில் இருந்தது.

அங்கும் எல்லாம் திறக்கப்படவில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. கென்யாவின் மாவ் மாவ் வழக்கையொட்டி, குடியேற்ற நாடுகளிலிருந்து இரகசியமாக இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட கோப்புகள் இருப்பதை பிரித்தானிய அரசு 2011இல் ஒப்புக்கொண்டது; 2012 முதல் அவை வெளியிடப்பட்டன. மலாயா பற்றியவையும் அவற்றுள் உண்டு. 1957இல் விடுதலைக்கு முன் கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரிகள் நிறையக் கோப்புகள் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்குள்ள எரிகலத்தில் எரிக்கப்பட்ட செய்தியும் அப்பதிவுகளால் வெளிப்பட்டது. எரித்ததற்கும் குறிப்பு எழுதிவைத்தனர். அவ்வகையில் ஆங்கிலேயரின் பதிவுப் பழக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

விடுதலைக்குப் பின்

மூடிவைக்கும் பழக்கம் ஆட்சியோடு கைமாறி வந்தது. இதற்கு எடுத்துக்காட்டாக ஊராட்சி பற்றிய அரச ஆணையத்தைக் குறிப்பிடலாம். ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டு மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய, ம.இ.கா. தலைவர்களுள் ஒருவரும் செனட்டருமான ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. ஆணையம் 1968இன் இறுதியில் தன் பணியை முடித்தது; அறிக்கையோ 1971இல்தான் பொதுமக்கள் கைக்கு வந்தது. இடையில் 1969 மே 13 நிகழ்ந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடரவேண்டும் என்ற பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. தமிழர் ஒருவர் தலைமையில் நாட்டின் ஊராட்சி முறையே ஆராயப்பட்ட இச்செய்தி நம் வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை. அவருடைய துணைவியார் ஜானகி ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியதை அறிந்த மாணவர் பலர். ஆதி நாகப்பன் அறிக்கையை அறிந்தவர் சிலரே.

1972இல் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் வந்தது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் இறுக்கியது. குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவருக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை கட்டாயமாயிற்று. ஓர் ஆவணம் இரகசியமானது என்று உரிய அதிகாரி சான்றளித்தால் நீதிமன்றம் அதனை வினவ இயலாது. அட்டவணையில் அமைச்சரவை ஆவணங்களோடு மாநில ஆட்சிக்குழு ஆவணங்களும் இடம்பெற்றன. இவ்விறுதிச் செய்தி நமக்கு முதன்மையானது. கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநில அதிகாரத்துக்குட்பட்டது. நிலம் வழங்குவது பற்றிய இறுதி முடிவு ஆட்சிக்குழுவில் எடுக்கப்படுகிறது. ஆகவே ஓர் ஆலயத்தின் அல்லது தமிழ்ப்பள்ளியின் நிலம் பற்றிய முடிவுத்தாளும், நாட்டின் தற்காப்புப் பற்றிய தாளும் ஒரே அட்டவணையில் அமைந்துவிட்டன.

அதே சட்டத்தில், மாநில மந்திரி பெசாரும் அவரைப் போன்ற உரிய அதிகாரிகளும் இரகசிய வகைப்பாட்டை நீக்கலாம் என்ற விதியும் உண்டு. பூட்டும் திறவுகோலும் ஒரே கையில் தரப்பட்டன என்று கொள்ளலாம்.

தண்ணீர்க் கணக்கு

சிலாங்கூர் மக்கள் கோப்பைக் கேட்டு நீதிமன்றம் சென்ற வழக்கொன்று இங்கு விரிவாக நோக்கத்தக்கது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களுக்கு நீர் வழங்கும் பொறுப்பு 2004ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழி சபாஷ் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. 2006 நவம்பரில் நீர்க்கட்டணம் 15 விழுக்காடு உயர்ந்தது. உயர்வுக்கு அடிப்படையான கணக்காய்வு அறிக்கையையும் ஒப்பந்தத்தையும் காட்டுமாறு மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் பயனீட்டாளர் சிலரும் கேட்டனர். மறுக்கப்பட்டது. அறிக்கை இரகசிய ஆவணம் என்பதும், ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு விதி உண்டு என்பதும் காரணங்கள்.

2010 ஜூனில் உயர்நீதிமன்றம் ஆவணங்களைக் காட்டுமாறு ஆணையிட்டது. 2011 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதனை மாற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. எனினும், பொதுநல வழக்கைத் தொடுக்கும் தகுதி யாருக்குண்டு என்ற வினாவில் அத்தீர்ப்பு முன்னிருந்த குறுகிய நிலையைத் தளர்த்தி, உண்மையான அக்கறை உடையவர் நீதிமன்றம் வரலாம் என்றது. வழக்காடியோர் கேட்ட தாள் கிடைக்கவில்லை. பின்வருவோருக்கு வாயில் சற்று அகன்றது. தண்ணீர்க் கட்டணம் கட்டும் குடும்பத்தலைவிக்கு இந்நுட்பம் ஆறுதல் தருமா என்பது வேறு.

மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கும் சிலாங்கூர்ச் சட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து வாரங்களே உள்ளன என்பதை நோக்குக.

2011ஆம் ஆண்டுச் சட்டம்

மந்திரி பெசார் காலிட் இப்ராகிம் ஆட்சியில் 2010இல் முன்வைக்கப்பட்ட மசோதா தேர்வுக்குழு ஒன்றின் ஆய்வுக்கு விடப்பட்டுத் திருத்தங்களுடன் நிறைவேறியது. இதன்படி எவரும் மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் தகவல் கேட்கலாம். ஒவ்வொரு துறையிலும் தகவல் அலுவலர் உண்டு. அவர் 30 நாளுக்குள் விடையளிக்க வேண்டும். மறுப்பை எதிர்த்து மாநிலத் தகவல் வாரியத்திடம் முறையிடலாம்.

குறைகளும் உள. விண்ணப்பிப்பவர் காரணம் கூறவேண்டும். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காரணம் கேட்பதை வெளிப்படையாகவே விலக்கியுள்ளது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியே செல்கிறது. காரணம் கேட்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். உரிமை என்பது வேண்டுகோளாக மாறும் இடம் அதுவே. இரண்டாவதாக, அரசியலமைப்பின் 75ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்துக்கு முரணாக நிற்க இயலாது. இரகசியச் சட்டம் பூட்டியதை ஷா ஆலம் சட்டம் தானாகத் திறக்காது. வகைப்பாடு நீக்கப்பட்டாக வேண்டும். மூன்றாவது, எல்லை பற்றியது. பிறப்புப் பத்திரமும் குடியுரிமையும் தேசியப் பதிவிலாகாவைச் சார்ந்தவை, கூட்டரசுக்குரியவை. தோட்டப்புறத்தில் பிறந்து பத்திரமின்றி வாழும் நம்மவர் பலருக்கு மிகவும் வேண்டிய கோப்புகள் இச்சட்டத்தின் கைக்கு எட்டாதவை. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர், பாடத்திட்டம், மானியம் ஆகியவை கூட்டரசின் பொறுப்பு. பள்ளி நிற்கும் நிலம் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே பள்ளியைப் பற்றிய பாதிக் கதையை மட்டுமே ஷா ஆலமில் கேட்டுப் பெறலாம். அப்பாதியும் சிறியதன்று.

சட்டத்தின் தேவையை ஷா ஆலமின் அண்மைக்கால வரலாறே காட்டுகிறது. ரப்பர்த் தோட்டங்களாக இருந்த சுங்கை ரெங்கம் வட்டாரத்தில் எழுந்த நகரம் இது. 1978 டிசம்பர் 7இல் மாநிலத் தலைநகராக அறிவிக்கப்பட்டது. தோட்டம் நகரமானபோது தோட்டத்து ஆலயங்கள் நகரத் திட்டத்தில் இடம்பெறாத கட்டடங்களாயின. 2007 அக்டோபர் 30இல், தீபாவளிக்குச் சில நாள் முன்னர், பாடாங் ஜாவா, கம்போங் ரீம்பா ஜெயாவிலிருந்த மாரியம்மன் ஆலயம் மாநகராட்சி மன்றத்தால் உடைக்கப்பட்டது. நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நடைபெற்ற பேரணிக்கு இந்நிகழ்வு ஊட்டிய வேகத்தை அறியாதவர் இலர். 2009இல், 19ஆம் பிரிவிலிருந்த ஆலயத்தை 23ஆம் பிரிவுக்கு மாற்றும் திட்டத்தை எதிர்த்து ஆகஸ்ட் 28இல் மாநிலச் செயலகத்தின் முன் பசுவின் தலையுடன் போராட்டம் நடந்தது. செப்டம்பர் 5இல் கூட்டப்பட்ட கலந்துரையாடல் கூச்சலில் முடிந்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் சமய உணர்வின் மோதலாகக் காண்பதே வழக்கம். ஆவண வரலாற்றின் நோக்கில் பார்த்தால் இரண்டிலும் பொதுவான ஒன்று புலப்படும். முடிவு தெரிந்தது, முடிவுக்கு வந்த வழி தெரியவில்லை. முதலாவதில் ஆலயத்தார் தங்கள் நிலை என்ன என்பதை இயந்திரம் வந்து நின்றபோது அறிந்தனர். இரண்டாவதில் எதிர்ப்புத் தெரிவித்த குடியிருப்பாளரும் தங்களைக் கேளாமல் இடம் தெரிவு செய்யப்பட்டது என்றே முறையிட்டனர். எதிரெதிர் நின்ற இரு சாராரின் மனக்குறையும் இவ்வொரு புள்ளியில் ஒத்திருந்தது. போராட்டத்தின் வடிவத்தை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும், எந்தெந்த இடங்கள் ஆராயப்பட்டன, ஏன் விலக்கப்பட்டன என்னும் தாள்கள் முன்கூட்டியே மக்கள் கையில் இருந்திருப்பின், வதந்தி நிரப்பிய இடம் சற்றுக் குறைந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. இந்திய மாநிலங்களுள் அது முன்னோடி. ஆனால் விதிவிலக்குகள் மிகுந்த அச்சட்டம் மக்கள் இயக்கத்தின் பின்புலமின்றி வந்தது. ராஜஸ்தானில் 1990களில் கூலித் தொழிலாளர் தங்கள் ஊரின் வருகைப்பட்டியலையும் செலவுச்சீட்டையும் கேட்டுப் பொதுவிசாரணை நடத்தினர். இறந்தவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டாத கட்டடத்துக்குப் பணம் தரப்பட்டிருந்ததும் ஊர்நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமை அங்கிருந்து வந்தது. சிலாங்கூர்ச் சட்டம் இவ்விரண்டுள் முதல்வகையைச் சார்ந்தது. அது மேலிருந்து தரப்பட்டது. கேட்கும் பழக்கம் கீழே இன்னும் வளரவில்லை.

அப்பழக்கம் எங்கே தொடங்கலாம் என்பதற்கு எளிய சான்றொன்று உண்டு. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மன்றக் கூட்டங்கள், மன்றம் வேறாகத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் திறந்தவை. கூட்டக் குறிப்புகளை மதிப்பீட்டு வரி செலுத்துவோர் பார்வையிடலாம். கட்டணம் செலுத்திப் படியும் பெறலாம். ஷா ஆலமிலும் கிள்ளானிலும் வீட்டுக்கு வரி கட்டும் ஒவ்வொரு தமிழாசிரியருக்கும் இவ்வுரிமை 2011க்கு நெடுநாள் முன்பிருந்தே உண்டு.

தோட்டத்துப் பதிவுகளின் நிலை வேறு. பெரட்டில் அன்றாடம் பெயர் குறித்த செக்ரோல் புத்தகம், கிராணி எழுதிய கூலிக்கணக்கு, தோட்ட மருத்துவமனையின் பிறப்பு இறப்புக் குறிப்பு ஆகியவை நிறுவனங்களின் உடைமை. குடியுரிமை கேட்டுச் செல்பவரிடம் அவருடைய பெற்றோர் எங்கு, எப்போது பணிசெய்தனர் என்று கேட்கப்படும்போது விடை சொல்லக்கூடிய ஏடுகள் இவையே. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்று பெருந்தோட்டக் குழுமங்களும் ஒன்றிணைந்தன. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறும்போது அலுவலகக் கட்டடத்தோடு அதன் அலமாரியும் போகிறது. மாநிலத் தகவல் அலுவலரிடம் இதற்கு விண்ணப்பம் இல்லை. அங்குப் பணிசெய்த கிராணிமாரின் பிள்ளைகள் சிலர் வீட்டில் பரண்மேல் ஏற்றிவைத்த கட்டுகளை நம் துறை மாணவர்கள் தேடிச்செல்வதே இப்போதைக்கு உள்ள வழி.